ஸனது இல்லாத சரித்திரம்

ஆகஸ்டுத் திங்கள் பிறந்துவிட்டால் நம் சமுதாய ஏடுகளிலும் விழா மலர்களிலும் மேடைகளிலும் ஒருவகை எழுத்து தவறாமல் இடம்பெறுகிறது. 'விடுதலைப் போரில் முஸ்லிம்களின் பங்கு' என்றோ, அதனை ஒத்த வேறொரு பெயரிலோ அது வரும். ஹைதர் அலி, திப்பு சுல்தான், கான்சாகிபு, பேகம் ஹஜ்ரத் மஹல், அலி சகோதரர்கள், அபுல் கலாம் ஆசாத் எனப் பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு மூன்று வரிகள். இறுதியில், 'இத்தனை உயிர்களை ஈந்த சமுதாயத்தையா அந்நியமாகப் பார்ப்பது?' என்றொரு கேள்வி. அத்தோடு கட்டுரை முற்றுப்பெறும்.

இவ்வெழுத்து ஏன் தோன்றிற்று என்பதை நாம் அறிவோம். பொது வரலாற்று நூல்களில் நம் முன்னோர் பலருடைய பெயர்கள் விடுபட்டுப் போயின. அவற்றைத் தேடித் தொகுத்தவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. ஆயினும் எழுத்து என்று வந்துவிட்டால் அதனை உரைத்துப் பார்ப்பது வாசகர் கடமை. அவ்வாறு பார்க்கையில் இவ்வகைக் கட்டுரைகளில் மூன்று குறைகள் தென்படுகின்றன. ஒன்று, செய்தியைப் பற்றியது. மற்றொன்று, காரண காரியத் தொடர்பைப் பற்றியது. மூன்றாவது, அவை எழுப்பும் வாதத்தைப் பற்றியது.

முதலில் செய்தியை எடுத்துக்கொள்வோம். தில்லி இந்தியா கேட்டில் 95,300 விடுதலை வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன என்றும், அவற்றுள் 61,000-க்கும் மேற்பட்டவை முஸ்லிம்களின் பெயர்கள் என்றும் ஒரு கூற்று பல ஆண்டுகளாக நம் மேடைகளில் உலவி வருகிறது. கைபேசி வந்த பின்னர் அது வீடுதோறும் புகுந்துவிட்டது. உண்மை என்ன? இந்தியா கேட் விடுதலை வீரர்களுக்கு எழுப்பிய சின்னமன்று. முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கன் போரிலும் பிரிட்டிஷாரின் இந்தியப் படையில் பணியாற்றி இறந்தவர்களுக்காக அவ்வரசே எழுப்பி 1931-இல் திறந்து வைத்தது. அதில் உள்ள பெயர்கள் 13,000-த்துக்குச் சற்று மேல். அப்போர்களில் இந்தியப் படையினர் போரிட்ட களங்களுள் இராக்கும் ஒன்று. அங்கே அவர்கள் எதிர்த்து நின்றது துருக்கிக் கலீபாவின் படையை. எந்தக் கலீபாவுக்காக 1919 முதல் நம் முன்னோர் கிலாபத் இயக்கம் நடத்திச் சிறை புகுந்தார்களோ, அவருடைய படையோடு பொருதியவர்களுக்கான சின்னத்தையே நம் தியாகத்துக்குச் சான்றாகக் காட்டுகிறோம்!

இச்செய்தியை முதலில் சொன்னவர் யார், அவர் எண்ணிப் பார்த்தாரா, பார்த்தவரிடம் கேட்டாரா என்று எவரும் வினவவில்லை. ஹதீஸ் கலையைக் கண்ட சமுதாயத்தில் இது நிகழ்வதுதான் வருத்தத்துக்குரியது. ஓர் அறிவிப்பைக் கையில் எடுத்த முஹத்திஸ்கள் முதலில் அதன் ஸனதைக் கேட்டார்கள். அறிவிப்பாளர்கள் ஒருவரையொருவர் சந்தித்தவர்களா, வாய்மை உடையவர்களா, நினைவாற்றலில் பிழையற்றவர்களா என்று ஆராய்ந்தார்கள். மக்களைத் திருமறையின்பால் திருப்பவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, அதன் அத்தியாயங்களின் சிறப்புகளைப் பற்றி ஹதீஸ்களைப் புனைந்தவர்களும் உண்டு. அவர்களுடைய நல்லெண்ணத்தைக் கண்டு இமாம்கள் இரங்கினார்களில்லை. புனைந்தவர் பட்டியலில் பெயரை எழுதி வைத்தார்கள். பக்தியுள்ளவர் சொல்லும் பொய்யை மக்கள் எளிதில் நம்புவர் என்பதால் அதன் கேடு பெரிது என்று அவர்கள் கருதினார்கள்.

சரித்திரத்துக்கும் இவ்வளவுகோல் உண்டு. இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய முகத்திமாவின் தொடக்கத்திலேயே எண்ணிக்கைகளைப் பற்றி எச்சரிக்கிறார். மூஸா நபியவர்களின் படையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இருந்தனர் என மஸ்ஊதி முதலிய வரலாற்றாசிரியர்கள் எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்தனை பேரை அந்நிலம் தாங்குமா, அத்தனை பேர் ஒரே களத்தில் அணிவகுக்க இயலுமா என்று வினவுகிறார். செல்வமும் படையும் எண்ணிக்கையாகச் சொல்லப்படும் இடத்திலேதான் பொய் எளிதில் நுழையும் என்பது அவர் கண்ட முடிவு. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் அவர் காட்டிய பிழையை இன்றும் நாம் செய்துகொண்டிருக்கிறோம். ஒரு பொய்யான எண்ணைப் பிறர் கண்டுபிடித்துவிட்டால், அதன் பக்கத்தில் நிற்கும் நூறு உண்மைகளும் ஐயத்துக்கு இடமாகிவிடும். நம் உண்மையான தியாகிகளுக்கு இதைவிடப் பெரிய அநீதி வேறில்லை.

இரண்டாம் குறைக்கு வருவோம். பெயர்களை வரிசையாக அடுக்கினால் சரித்திரம் ஆகிவிடாது. ஒரு நாட்டில் எழும் குமுறல் எவ்வாறு விடுதலையாக மாறுகிறது, விடுதலை எவ்வாறு ஓர் அரசாக உருப்பெறுகிறது என்ற தொடர்பைச் சொல்வதே சரித்திரம். நம் பட்டியல்களில் இத்தொடர்பு அறவே இல்லை. இதை விளக்கத் தில்லிக்கும் லக்னோவுக்கும் போகவேண்டியதில்லை. செங்கல்பட்டுச் சீமையே போதும்.

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதையில், செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால் சிங்கப்பெருமாள் கோயில் என்னும் சிற்றூர் இருக்கிறது. குடைவரையில் அமைந்த நரசிம்மர் கோயிலால் அதற்கு அப்பெயர். இவ்வூரில் பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைக்குத் திப்புவின் பெயர் தெரியும். தான் மிதிக்கும் மண் எவ்வாறு அந்நியன் கைக்குப் போயிற்று என்பது தெரியாது. தெற்கே செங்கல்பட்டுக் கோட்டையை ஊடறுத்துக்கொண்டு ரயில் ஓடுகிறது. கிழக்கே கடற்கரையில் கோவளம். இவ்விரு கோட்டைகளையும் 1752-இல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினார். ஆர்க்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிபும் முஹம்மது அலி வாலாஜாவும் போட்டியிட்ட காலம் அது. ஒருவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. மற்றவருக்கு ஆங்கிலேயர் துணை. வென்றவர் வாலாஜா. வெற்றிக்கு விலை கேட்டது ஆங்கிலக் கும்பெனி. 1763-இல் செங்கல்பட்டுச் சீமை முழுவதையும் ஜாகீராகக் கும்பெனிக்கு எழுதிக் கொடுத்தார் நவாப். 1765-இல் பேரரசர் ஷா ஆலம் அதனை உறுதி செய்தார். 1780 வரை அதே நிலத்தை நவாபே கும்பெனியிடம் குத்தகைக்கு எடுத்து வரி தண்டினார். பின்னர்க் கும்பெனியே நேராக ஆளத் தொடங்கிற்று.

நிலத்தைக் கொடுக்கும் இத்தகைய ஆவணத்துக்குச் சன்னது என்று பெயர். ஹதீஸ் கலையின் ஸனதும் இந்தச் சன்னதும் ஒரே அரபுச் சொல். சாய்ந்துகொள்ளத் தக்க ஆதாரம் என்பது அதன் பொருள். இச்சீமையில் அந்நிய ஆட்சி சாய்ந்து நின்ற ஆதாரம் ஒரு முஸ்லிம் நவாபின் கையொப்பம் என்பதை நம் பட்டியல்கள் சொல்வதில்லை. திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளிவாசலைக் கண்டு மகிழ்கிற நாம், கொடையாளியான அதே நவாபின் கடனையும் சன்னதையும் மறந்துவிடுகிறோம்.

கான்சாகிபின் வரலாறு இன்னும் கூர்மையானது. கதைப்பாடலாக மக்கள் நாவில் வாழும் யூசுப் கானை நம் கட்டுரைகள் முதல் தியாகிகளுள் ஒருவராக வைக்கின்றன. 1758-59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, செங்கல்பட்டைத் தளமாகக் கொண்டு பிரெஞ்சுப் படையை அலைக்கழித்து ஆங்கிலேயருக்கு உதவியவரும் இதே யூசுப் கான்தான். மதுரையில் அவர் கும்பெனியையும் நவாபையும் எதிர்த்து நின்ற 1763-ஆம் ஆண்டிலேதான் செங்கல்பட்டுச் சன்னதும் எழுதப்பட்டது. 1764 அக்டோபர் 15-இல் மதுரையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதனை வேண்டி நின்றவர்களுள் நவாப் வாலாஜாவும் ஒருவர். தூக்குமேடையில் நின்றவரும் முஸ்லிம். தூக்கச் சொன்னவரும் முஸ்லிம். பட்டியல் எழுதுபவரால் இதை விளக்க இயலாது. ஏனெனில் அன்றைய போர் சமுதாயத்துக்கும் அந்நியனுக்கும் நடந்ததன்று; ஆட்சியைப் பற்றி நடந்தது.

ஹைதர் அலியும் திப்புவும் 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தனர். கும்பெனி இந்நாட்டில் கண்ட பெருந்தோல்விகளுள் அது ஒன்று. பெருமைப்படத் தக்கதே. ஆனால் அதே படையெடுப்பில் ஜாகீர்க் கிராமங்கள் பல பாழாயின. உழவர்கள் ஊரைவிட்டு ஓடினர். வெற்றியை எழுதுபவர் இதனையும் எழுதக் கடமைப்பட்டவர். இதனால் திப்பு சிறியவராகிவிடமாட்டார்; நம் எழுத்துத்தான் பெரிதாகும்.

இனி, குமுறல் அரசாக மாறிய வழியைக் காண்போம். 1790-களில் லயனல் பிளேஸ் என்னும் கலெக்டர் ஜாகீரின் வரியை உயர்த்தியபோது பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதாரர்கள் எதிர்த்து நின்றனர். பணியாதவர்களின் மிராசைப் பறித்துப் பிறருக்குக் கொடுத்தார் அவர். அவர்கள் கேட்டது தங்கள் பழைய உரிமையை. 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்து திப்புவின் கொடியை ஏற்றினர். அவர்கள் நாடியது பழைய அரச மரபை. அதன் விளைவாகத் தலைப்பாகை பற்றிய ஆணை திரும்பப் பெறப்பட்டது. கவர்னர் பென்டிங்க் திருப்பி அழைக்கப்பட்டார். ஆணை மாறிற்று, ஆட்சி மாறவில்லை. வீரம் இருந்தது, குமுறல் இருந்தது. நாளை யார், எந்த விதிப்படி ஆள்வது என்பதற்கு விடை இல்லை.

அவ்விடை மெல்ல மெல்லத்தான் உருவாயிற்று. 1852-இல் சென்னையில் ஒரு சங்கம் தோன்றிப் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பிற்று. வரி தண்டுவதில் நடக்கும் கொடுமைகளை ஆராய ஒரு குழு அமைந்து 1855-இல் அறிக்கை தந்தது. வரிப் பாக்கிக்காகக் குடியானவனுக்குக் கிட்டி போடுவதும், தலையையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவதும் அதில் பதிவாயின. இங்கே கேள்வியின் தன்மை மாறிவிட்டதைக் காண்க. 'என் நிலம்', 'என் அரசன்' என்ற நிலை போய், வரி வாங்குகிறவன் யாருக்குப் பதில் சொல்லவேண்டியவன் என்ற கேள்வி எழுந்துவிட்டது. வசூல், பாக்கி, கிஸ்தி, ஜப்தி, தாசில் என நம் கிராமத்து நாவில் அன்றாடம் புழங்கும் சொற்கள் அரபியிலிருந்து வந்தவை. அச்சொற்களின் பின்னால் நின்ற அதிகாரத்தை ஊருக்குப் பொறுப்புள்ளதாக்குவதே விடுதலைப் போரின் உட்பொருள். 1805 முதல் உப்பும் சென்னை மாகாணத்தில் அரசின் தனியுரிமையாக இருந்தது. கோவளம், கேளம்பாக்கம் கரையில் உப்பு விளையும். அதன் விலையை அரசு வைக்கும். 1930-இல் வேதாரணியத்தில் உப்பு அள்ளியவர்கள் இந்த அதிகாரத்தைத்தான் கேள்வி கேட்டனர்.

இவ்வழியை ஒரே வாழ்க்கையில் காட்டுபவர் சென்னை யாகூப் ஹசன் சேட் அவர்கள். கிலாபத்தும் ஒத்துழையாமையும் ஒன்றாய் நடந்த காலத்தில், 1921 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் தடையாணைக்குப் பணிய மறுத்துச் சிறை சென்றார். 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் பொதுப்பணி அமைச்சரானார். கைதியாக நின்றவர் பதினாறு ஆண்டுகளில் சாலைக்கும் பாலத்துக்கும் கணக்குச் சொல்லும் பொறுப்பில் அமர்ந்தார். குமுறல் அரசாவது என்பது இதுவே. நம் பட்டியல்களில் அவருக்குக் கிடைப்பது ஒரு வரி. வாளேந்தியவருக்கு ஒரு பக்கம்.

1947 ஆகஸ்டு 15-இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். கொடி மாறிற்று. ஆனால் மறுநாள் தாலுகா கச்சேரியில் அமர்ந்தவர் அதே தாசில்தார். கிஸ்திப் புத்தகமும் அதுவே. அரசியல் சட்டத்தை வகுத்த சபையைத் தேர்ந்தவர்கள் மாகாணச் சட்டசபை உறுப்பினர்கள். 1946-இல் அவர்களைத் தேர்ந்தெடுத்த வாக்குரிமையோ சொத்தும் வரியும் படிப்பும் உடையவர்களுக்கே உரியதாக இருந்தது. செங்கல்பட்டுச் சீமையின் கூலியாளும் அவன் மனைவியும் வாக்குச் சாவடியைக் கண்டது 1951-52-ஆம் ஆண்டுத் தேர்தலில்தான். புதிய அரசு பிறந்த நாள் எது என்று கேட்டால் இந்த நாளையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அச்சபையில் நம் பிரதிநிதிகள் ஆற்றிய பணி பட்டியல்களில் ஏறாத மற்றொன்று. தனித்தொகுதி வேண்டுமென்று பி. போக்கர் சாகிபு 1947 ஆகஸ்டில் வாதிட்டார், ஏற்கப்படவில்லை. 1949 மே மாதத்தில் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீடும் கைவிடப்பட்டபோது காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாகிபு எதிர்த்துப் பேசினார், அதுவும் ஏற்கப்படவில்லை. தனித்தொகுதி வேண்டாம் என்று வாதிட்ட பேகம் ஐஜாஸ் ரசூல் அம்மையாரும் முஸ்லிமே. எவர் கருத்துச் சரி என்பது இங்கே பொருளன்று. தோற்றவர் மறுநாளும் அதே சபைக்கு வந்தார், அடுத்த விதியைப் பற்றிப் பேசினார், பின்னர்த் தேர்தலில் நின்று மக்களவைக்கும் சென்றார் என்பதே பொருள். வாதத்தில் தோற்றவன் நாட்டை இழக்காத அமைப்புக்குத்தான் குடியரசு என்று பெயர். வேலூர்க் கோட்டையில் தோற்றவர்களுக்குக் கிடைத்தது பீரங்கி வாய். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே விடுதலையின் நீளம்.

மூன்றாவது குறை, வாதத்தைப் பற்றியது. அதுவே மிகப் பெரியது. 'நாங்கள் இத்தனை பேரைக் கொடுத்தோம், ஆகவே எங்களுக்கும் உரிமை உண்டு' என்பது நம் கட்டுரைகளின் முடிவு. இதனை எழுதுபவர், உரிமை என்பது தியாகத்துக்குக் கிடைத்த கூலி என்று தம்மையறியாமல் ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் பட்டியலில் பெயர் இல்லாதவன் என்ன செய்வான்? கோவளத்தில் வலை வீசியவன், சந்தையில் தோல் விற்றவன், குடும்பத்தைக் காக்க வாய்மூடி இருந்தவன், இவர்களுடைய பேரனுக்குக் கூலி இல்லையா? எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டத் தூண்டுவதும் இவ்வாதமே. உரிமை எண்ணிக்கையில் தொங்கினால் எண்ணிக்கை வளரத்தான் செய்யும்.

சுதந்திரம் என்ற சொல்லையே பாருங்கள். இச்சீமையின் பழைய வருவாய்க் கணக்குகளில் அதற்கு வேறொரு பொருள் உண்டு. களத்தில் நெல் அளக்கும்போது மிராசுதாரருக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் வழிவழியாகச் சேரும் பங்குக்குச் சுதந்திரம் என்று பெயர். மிராசு என்பதும் நமக்குத் தெரிந்த மீராஸ், வாரிசுரிமைதான். ஃபராயிள் கலையைக் கற்ற எந்த மாணவனும் அறிவான்: வாரிசின் பங்கு அவனுடைய தகுதிக்கோ உழைப்புக்கோ கிடைப்பதன்று. தந்தைக்குப் பணிவிடை செய்த மகனுக்கும் செய்யாத மகனுக்கும் பங்கு ஒன்றே. நிறுவ வேண்டியது உறவை மட்டுமே. 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் குடிமக்களிடம் கேட்டதும் இவ்வளவே. எவருடைய பாட்டன் சிறை சென்றான் என்று அது கேட்கவில்லை.

ஃபராயிள் மற்றொன்றும் கற்பிக்கிறது. பங்கு பிரிக்குமுன் சொத்தின்மீது உள்ள கடனை அடைத்தாக வேண்டும். இச்சீமையின் களத்துக் கணக்கில் உழுது அறுத்த ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கிடைத்த பங்கு மிகச் சிறிது. நிலம் அவர்களுக்கு இல்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-இல் அவர்கள் நிலையை அறிக்கையாக எழுதினார். அதனை ஒட்டி 1892-இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. 1929 பிப்ரவரியில் இதே செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாதென்றும் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்றும் தீர்மானித்தது. ஆயினும் 1994 அக்டோபரில், மாமல்லபுரத்தை அடுத்த காரணையின் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிரிழந்தனர். நம் பங்கை மட்டும் கேட்டு, சொத்தின்மீதுள்ள இக்கடனைப் பேசாமல் விடுவது ஃபராயிள் கற்றவர்க்கு அழகன்று.

அப்படியாயின் தியாகிகளைப் பற்றி எழுத வேண்டாமா? எழுதத்தான் வேண்டும். உரிமைக்குச் சீட்டாக அன்று, படிப்பினையாக. 2019 நவம்பர் முதல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால் அதன் முஸ்லிம்களைப் பற்றி ஊர் ஊராக எழுத வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. ஜமாஅத்துக் கணக்கேடுகள், வக்பு ஆவணங்கள், பழைய கிரயப் பத்திரங்கள், கப்ருக் கற்கள், சிறைக் குறிப்புகள், பெட்டியடியில் கிடக்கும் கடிதங்கள் எல்லாம் தேடுவாரற்று அழிந்து வருகின்றன. ஆகஸ்டு மலருக்கு ஆயிரம் பெயர்களை அனுப்புவதைவிட, தம் ஊரில் ஒரே ஒருவருடைய வரலாற்றைச் சான்றோடு எழுதி அனுப்பும் இளைஞர் சமுதாயத்துக்கு அதிகம் செய்தவராவார். அவர் எழுதும் மனிதர் கும்பெனியிடம் வேலை பார்த்திருந்தால் அதையும் எழுதட்டும். சன்னது எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் எழுதட்டும். குறையைச் சொன்ன பிறகும் நிற்கிற பெருமைதான் பெருமை. அத்தகைய எழுத்தைப் படித்து வளரும் பிள்ளை, தன் உரிமையை நிறுவத் தில்லி வளைவில் பெயர் எண்ணிக்கொண்டிருக்க மாட்டான்.